குறும்படத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி: ஓர் உதவி இயக்குநரின் கணக்கு

"கதை ரெடி, கேமராவும் கிடைத்துவிட்டது. இன்னும் எத்தனை பேர் வேண்டும்?" முதல் குறும்படம் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். எண்ணிக்கையில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் ஒரு தாளைக் கொடுத்து வேறொன்றை எழுதச் சொல்வேன்: ஒரு டேக் (கேமராவை ஓடவிட்டு ஒரு ஷாட்டை ஒருமுறை எடுப்பது) ஓடிக்கொண்டிருக்கும்போது யார் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

இயக்குநர் நடிகரின் முகத்தைப் பார்க்கிறார். கேமராவை இயக்குபவர் ஃபிரேமின் ஓரங்களைப் பார்க்கிறார், மைக் எட்டிப் பார்க்கிறதா, யாருடைய நிழலாவது விழுகிறதா என்று. படம் மங்காமல் ஃபோகஸைப் பிடித்துவைக்கும் ஃபோகஸ் புல்லருக்கு லென்ஸுக்கும் நடிகருக்கும் இடையே உள்ள தூரம்தான் எல்லாம். சவுண்ட் ஆள் பார்ப்பதே இல்லை, கேட்கிறார். கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்பதை எழுதுபவர், நடிகர் எந்த வார்த்தையில் எந்தக் கையால் டம்ளரை எடுத்தார் என்று குறித்துக்கொள்கிறார். என்னைப் போன்ற உதவி இயக்குநர் நடிப்பைப் பார்ப்பதில்லை. கடிகாரத்தையும், யாராவது திறந்துவிடக்கூடிய கதவையும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இவை எல்லாம் ஒரே நொடியில் நடக்கும் வேலைகள். ஒரு மனிதருக்கு ஒரு கவனம்தான் உண்டு. ஆள் சேர்ப்பதில் நான் நம்புகிற விதியும் இதிலிருந்தே வருகிறது: வெவ்வேறு நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகளை ஒரே ஆளிடம் கொடுக்கலாம், ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகளைக் கொடுக்கக் கூடாது. கதை எழுதியவரே எடிட் செய்யலாம், இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. ஆனால் கேமராவைப் பிடித்திருப்பவரையே ஹெட்ஃபோனையும் மாட்டிக்கொள்ளச் சொன்னால், படமோ ஒலியோ ஒன்று கைவிடப்படும். பெரும்பாலும் ஒலிதான்.

ஆரம்பத்தில் இவ்வளவு பேர் தேவைப்படவும் இல்லை. 1895இல் லூமியர் சகோதரர்கள் பயன்படுத்திய சினிமாட்டோகிராஃப் கருவி படம் பிடித்தது, பிரதி எடுத்தது, திரையிலும் காட்டியது. ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் கேமராவின் இரைச்சல் ஒரு தொல்லையாகிவிட, அதை ஒலி புகாத பெட்டிக்குள் அடைத்தார்கள். மைக்கை வைப்பதற்கும் கேட்பதற்கும் தனி ஆட்கள் வந்தார்கள். புதிதாக ஒரு கவலை வரும்போதெல்லாம் அதைச் சுமக்கப் புதிதாக ஓர் ஆள் வருகிறார். எண்ட் டைட்டிலில் ஓடுகிற பெயர்களை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம்.

முதலில் பேனா, பிறகு ஃபோன்

யாரையும் கூப்பிடுவதற்கு முன் திரைக்கதையைப் பிரேக்டவுன் செய்யுங்கள். ஒவ்வொரு காட்சியையும் படித்து, ஆட்களை ஒரு நிறத்திலும், பொருட்களை ஒரு நிறத்திலும், உடையை இன்னொரு நிறத்திலும், ஆபத்து ஏதாவது இருந்தால் சிவப்பிலும் அடிக்கோடு இட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் யார் வேண்டும் என்பதைத் திரைக்கதையே சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "மழையில் நனைந்தபடி அவன் உள்ளே வருகிறான். மேசை மேல் இருக்கும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறான். கிழித்துப் போடுகிறான்." மூன்றே வரி. வசனம் இல்லை, ஒரே நடிகர், ஒரே அறை. எழுதியவர் இதை மிக எளிதான காட்சி என்று நினைத்திருப்பார்.

இப்போது பேனாவை எடுங்கள். நனைந்த சட்டை ஒவ்வொரு டேக்குக்கும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் துணி சீக்கிரம் காயும். ஆகவே தண்ணீர் தெளிப்பானோடு ஒருவர் நிற்க வேண்டும், ஒரே மாதிரி இரண்டு மூன்று சட்டைகளாவது வேண்டும். தலைமுடி முதல் ஷாட்டில் நெற்றியில் எப்படி ஒட்டியிருந்ததோ அப்படியே கடைசி ஷாட்டிலும் ஒட்டியிருக்க வேண்டும். அது மேக்கப் ஆளின் வேலை. "இப்படி இல்லை, அப்படி" என்று போட்டோவைக் காட்டுவது கன்டினியூட்டியின் வேலை. கடிதத்தைக் கிழித்தால் அது போயிற்று. எட்டு டேக் போனால் எட்டுக் கடிதம், ஒத்திகைக்கு இன்னும் இரண்டு. எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே மாதிரி மடித்து இருக்க வேண்டும். க்ளோஸ்-அப்பில் அந்த எழுத்து படிக்கத் தெரியும் என்பதால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை யாராவது உண்மையாகவே எழுதியாக வேண்டும். அப்புறம் தரை. நடிகர் நடந்து வந்த ஈரம் அடுத்த டேக்கில் முன்கூட்டியே தெரியக் கூடாது. துடைக்க ஓர் ஆள் வேண்டும். ஈரத் தரையில் ஓடுகிற மின்சார வயர்களைத் தூக்கிக் கட்ட, மின்சாரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். வெளியே மழை பெய்கிற சத்தத்தைப் பிறகு சேர்ப்பதா, அங்கேயே பதிவு செய்வதா என்று முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். இத்தனை பேருக்கு நடுவில் ஈரச் சட்டையோடு நிற்கிற நடிகருக்கு ஒவ்வொரு "கட்"டுக்குப் பிறகும் துண்டு நீட்ட ஒருவர் வேண்டும்.

மூன்று வரிக்கு இவ்வளவு. இதைப் பார்த்து மழையை வெட்டிவிட்டாலும் தவறில்லை. பிரேக்டவுனின் பாதிப் பலன் அதுதான்.

முதல் ஆள் யார்

பலரும் முதலில் தேடுவது ஒளிப்பதிவாளரை. நான் சொல்வது தயாரிப்பு நிர்வாகியை. பெரிய படங்களில் தயாரிப்பாளர், நிர்வாகத் தயாரிப்பாளர், லைன் புரொட்யூசர், புரொடக்‌ஷன் மேனேஜர் என்று பல பேராகப் பிரிந்திருப்பதை உங்கள் படத்தில் ஒருவரே பார்ப்பார். இடத்துக்கு அனுமதி வாங்குவது, வண்டி, சாப்பாடு, வாடகைக் கருவிகள், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் அவரிடம். அவரிடம் நான் தேடும் குணம் ஒன்றுதான்: இயக்குநரைப் பார்த்து "இது முடியாது" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற நண்பரை இந்த இடத்தில் வைக்காதீர்கள். படப்பிடிப்பு நாளில் இயக்குநரே ஃபோனை எடுத்து வண்டி எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தால், அந்த நாள் நடிகர்களுக்கு இயக்குநர் இல்லை.

உதவி இயக்குநரும் கன்டினியூட்டியும்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இருப்பவர்கள் உதவி இயக்குநர் என்றால் இயக்கத்தில் உதவி செய்பவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவர் நேரத்தை நடத்துகிறவர். எந்தக் காட்சியை முதலில் எடுப்பது, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் எழுதி, முந்தின நாள் மாலைக்குள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். திரைக்கதை வரிசைப்படி எடுக்க மாட்டோம். ஒரே இடம், ஒரே பக்கம் பார்க்கும் கேமரா, ஒரே வெளிச்சம் என்று சேர்த்துச் சேர்த்து எடுப்போம். அதனால்தான் கன்டினியூட்டி தேவைப்படுகிறது. அவன் கதவைத் திறக்கும் ஷாட் காலையிலும், அதே கதவின் மறுபக்கம் மறுநாளும் எடுக்கப்படலாம்.

டேக் தொடங்கும் முறையை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உதவி இயக்குநர் அமைதி கேட்கிறார். "சவுண்ட்" என்கிறார், சவுண்ட் ஆள் "ரோலிங்" என்கிறார். "கேமரா" என்றதும் அங்கிருந்தும் பதில் வருகிறது. கிளாப் பலகையில் இருக்கும் காட்சி எண், ஷாட் எண், டேக் எண்ணைச் சத்தமாகப் படித்து அடிக்கிறார்கள். "ஆக்‌ஷன்", "கட்" இரண்டையும் இயக்குநர் மட்டுமே சொல்ல வேண்டும். நடிகர் சொல்லக் கூடாது, ஒளிப்பதிவாளரும் சொல்லக் கூடாது. ஏதோ தவறு நடந்ததாகத் தோன்றினாலும் நடிகர் தானாக நிறுத்தாமல் இருக்கட்டும். ஆபத்து என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தி நிறுத்தலாம்.

கிளாப் அடிப்பது சடங்கு அல்ல. கட்டைகள் சேரும் ஃபிரேமையும் ஒலிக்கோப்பில் தெரியும் அந்தக் கூர்மையான துடிப்பையும் ஒன்றாக வைத்தால் படமும் ஒலியும் பொருந்திவிடும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனாலே உதடு ஒட்டவில்லை என்று பார்ப்பவருக்கு உறுத்தும். பலகை இல்லையென்றால் கேமராவுக்கு முன் கையைத் தட்டுங்கள். ஆரம்பத்தில் அடிக்க முடியாத ஷாட் என்றால், கேமரா நிற்பதற்கு முன் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். தலைகீழ் பலகையைப் பார்த்ததுமே அது முடிவில் அடித்த கிளாப் என்று எடிட்டருக்குப் புரியும்.

கன்டினியூட்டிக்கு ஒரு நோட்டும் ஃபோனும் போதும். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் யாரும் அசைவதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும். நோட்டில் டேக் எண், எத்தனை நொடி, எது நன்றாக வந்தது, எது ஏன் கெட்டது. "டேக் 3: நடிப்பு நன்று, கடைசியில் நாய் குரைத்தது" என்ற ஒரு வரி எடிட்டருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும். சட்டைக் கை மடிப்பு, கடிகார முள், தட்டில் மிச்சம் இருக்கும் உணவு, மெழுகுவத்தியின் உயரம், இவை நான்கையும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். மற்றவை பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ஒலிக்கு ஒரு முழு ஆள்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். இது தெரிந்தும் கேமராவுக்கு இரண்டு லென்ஸ் கூடுதலாக வாடகைக்கு எடுத்துவிட்டு, ஒலிக்கு "கேமரா மைக் இருக்கிறதே" என்பவர்களை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டேன்.

மைக் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைவிட, வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதற்காகத்தான் நீளமான கம்பில் மாட்டி, ஃபிரேமுக்குச் சற்று மேலே பிடிக்கிறோம். சிறிய படத்தில் பதிவு செய்பவரே அந்த பூம் கம்பையும் பிடிக்கலாம், இரண்டும் ஒரே கவனம்தான். கை வலிக்கும் வேலை. உயரமும் பொறுமையும் உள்ளவரைத் தேடுங்கள். இடம் பார்க்கப் போகும்போதே அவரையும் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் ஜன்னலைப் பார்ப்பீர்கள், அவர் பக்கத்துக் கட்டடத்தின் மோட்டாரைக் கேட்பார்.

ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் டேக்குக்கு முன் அணைக்க வேண்டும். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க ஒரு பழைய தந்திரம் உண்டு: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. வீட்டுக்குப் போக முடியாதே!

இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடமாவது பதிவு செய்யச் சொல்லுங்கள். வசனத்துக்கு இடையே வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதுதான் உதவும். அந்த நேரத்தில் யாராவது கட்டாயம் சிரிப்பார்கள். மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

கேமரா பக்கம்

ஒளிப்பதிவாளரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவரை எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவரோடு ஒரு கேமரா உதவியாளர் இருக்கட்டும். ஃபோகஸ் பிடிப்பது டேக் நேரத்து வேலை, மெமரி கார்டைப் பிரதி எடுப்பது இடைவேளை வேலை, ஆகவே ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். தனியாக ஃபோகஸ் புல்லர் கிடைக்காவிட்டால் அகலமான லென்ஸைப் போட்டு, அதில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை எஃப் 8 என்ற அளவு வரை சுருக்குங்கள். ஃபோகஸில் நிற்கும் ஆழம் கூடிவிடும். பின்னணி மங்கிய அழகு போகும், அதற்குப் பதில் முகம் தெளிவாக இருக்கும். வெளிச்சம் மட்டும் அதிகம் தேவைப்படும்.

லைட் ஆள் விஷயத்தில் ஆர்வத்தைவிட அறிவு முக்கியம். எந்த இணைப்பு எவ்வளவு சுமை தாங்கும் என்று தெரியாதவர் ப்ளக்கைத் தொட வேண்டாம்.

நடிகர்கள்

நடிகர் தேர்வு தனி வேலை என்பதை ஆஸ்கர் விருதுக்காரர்கள்கூட மிகத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். 2025இல் வெளியான படங்களுக்குத்தான் முதன்முறையாக அந்தப் பிரிவில் விருது. உங்கள் அளவில் காஸ்டிங் இயக்குநர் இல்லாவிட்டாலும் அந்த வேலையை ஒருவர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். தனியாக மோனோலாக் பேசச் சொல்லிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவர் நடிப்பார். பிறகு அதே வரியை வேறு மாதிரி சொல்லச் சொல்லுங்கள். மாற்றிச் செய்கிறாரா என்பதுதான் சோதனை.

அடிதடி இருந்தால் அதை வடிவமைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், வெறும் கன்னத்தில் அறைவதாக இருந்தாலும். நெருக்கமான காட்சிகளுக்கு இண்டிமஸி கோஆர்டினேட்டர் என்ற பொறுப்பு 2017க்குப் பிறகு பரவலாக வந்திருக்கிறது. யார் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை நடிகர்களோடு பேசி, அசைவு அசைவாக முடிவு செய்பவர். உங்கள் படத்தில் அப்படி ஒருவரை அமர்த்த முடியாவிட்டால் காட்சியை மாற்றி எழுதுங்கள். "அன்று பார்த்துக்கொள்ளலாம்" என்பது இதில் கூடாது.

சிவப்பு அடிக்கோடு இட்ட இடங்களுக்கும் இதே பேச்சுதான். 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அனுமதி இல்லாமல் ரயில் தண்டவாளத்தில் படம் பிடித்தபோது, சாரா ஜோன்ஸ் என்ற கேமரா உதவியாளர் ரயில் மோதி இறந்தார். 2021இல் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ், ஒத்திகையின்போது வெடித்த துப்பாக்கியால் இறந்தார். துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. இரண்டு இடத்திலும் தொழில்முறைக் குழுவினர்தான் இருந்தார்கள். தண்டவாளம், ஆழமான தண்ணீர், மொட்டை மாடி விளிம்பு, நிஜ ஆயுதம் என்று எதிலாவது கதை நின்றால், அதைக் காட்டாமல் சொல்ல வழி தேடச் சொல்லி எழுத்தாளரிடம் அனுப்பிவிடுவேன்.

படப்பிடிப்புக்குப் பிறகு

அன்றன்றைய காட்சிகளை மூன்று பிரதியாக வையுங்கள், அதில் ஒன்று வேறு ஒரு வீட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்ததைத் திறந்து ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிக்கக் கூடாது.

எடிட்டரை படப்பிடிப்புக்கு அழைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். அந்த ஷாட்டுக்காக எல்லோரும் கொட்டும் குளிரில் நான்கு மணி நேரம் நின்றது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வெட்ட மனம் வராது. இயக்குநரே எடிட் செய்கிறார் என்றால், நடுவே சில நாட்கள் கோப்பைத் திறக்காமல் இருக்கட்டும்.

வெட்டி முடித்ததும் ஒலி வேலை மறுபடி வரும். வசனத்தைச் சுத்தம் செய்வது, தேவையானால் டப்பிங், காலடிச் சத்தம் துணிச் சத்தம் போன்றவற்றைத் திரையைப் பார்த்தபடியே செய்து பதிவு செய்யும் ஃபோலி, கடைசியில் எல்லாவற்றையும் கலக்கும் மிக்சிங். இவை எல்லாம் அடுத்தடுத்து நடப்பவை என்பதால் ஒருவரே செய்யலாம், செட்டில் பூம் பிடித்த அதே ஆள்கூட. இசையமைப்பாளரிடம் போகும்போது வேறொருவரின் இசையைத் தற்காலிகமாகப் படத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் காதுக்கு அது பழகிவிடும், பிறகு அவர் எதைப் போட்டாலும் குறையாகத் தெரியும். ஏற்கனவே வெளிவந்த பாடலைப் பயன்படுத்த நினைத்தால் இரண்டு அனுமதி வேண்டும்: பாடலை எழுதி இசையமைத்தவர்களின் உரிமைக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமைக்கு இன்னொன்று.

நிறத் திருத்தம் செய்பவரையும் சப்டைட்டில் எழுதுபவரையும் எல்லோரும் கடைசி இரவில்தான் தேடுகிறார்கள். சப்டைட்டிலுக்காவது முன்பே ஆளைப் பிடித்துவையுங்கள். வேறு மொழிக்காரர்கள் உங்கள் வசனமாக அறியப் போவது அவர் எழுதுவதை மட்டும்தான்.

குறைந்தபட்சக் கணக்கு

விதியை வைத்து, நடிகர்களை விட்டுவிட்டு, நான் போடும் கணக்கு எட்டுப் பேர். இயக்குநர். தயாரிப்பு நிர்வாகி. கிளாப்பையும் அடிக்கும் உதவி இயக்குநர். விளக்கையும் வடிவமைக்கும் ஒளிப்பதிவாளர். கேமரா உதவியாளர். சவுண்ட். உடையும் மேக்கப்பும் பார்க்க ஒருவர். கன்டினியூட்டியோடு கலைப் பொருட்களையும் சேர்த்துப் பார்க்க ஒருவர், ஏனென்றால் டேக்கில் எழுதியதை வைத்துத்தான் டேக்குகளுக்கு இடையே பொருட்களைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரம் அதிகம் இழுக்கும் விளக்குகள் இருந்தால் ஒன்பதாவது ஆள் வருவார். இதற்குக் கீழே போனால் யாராவது இரண்டு கவனத்தோடு நிற்பார்கள்.

சம்பளம் தர முடியாவிட்டால் அதை முதல் ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள், எத்தனை மணி வரை, வந்து போகும் செலவு யாருடையது, சாப்பாடு உண்டா, படத்தின் பிரதி எப்போது கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களோடு இதை எழுதக் கூச்சமாக இருக்கும். நண்பர்களோடுதான் இது அதிகம் தேவை.

அதே தாளில் "டைட்டிலில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?" என்று ஒரு வரி விடுங்கள். முன்னெழுத்து உண்டா இல்லையா, எந்த ன, எந்த ர என்று அவரவர் கையாலேயே எழுதட்டும். வீடு கொடுத்தவர், ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்திய பக்கத்துக் கட்டடக்காரர் இவர்களையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இறுதி மிக்சிங்குக்கு முன் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். படத்தை விழாக்களுக்கு அனுப்பிய பிறகு ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால், மொத்தப் படத்தையும் மறுபடி ரெண்டர் செய்து, அனுப்பிய இடங்களுக்கெல்லாம் மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.